92 - ஒரு காசெட், ஒரு நோட்டு

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும், ஆளாளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருடம் பிடித்த பத்துப் பாட்டு, பிடித்த பத்துப் புத்தகம், பிடித்த ஐந்து படம்... இப்போது பாட்டுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டோம் என்று போனே கணக்கு வைத்து, கலர் அடித்து, நடுராத்திரியில் யாருக்கும் தெரியாமல் கேட்ட பாட்டு உட்பட எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுகிறது. புத்தகத்துக்குத்தான் இன்னும் கையால் எழுத வேண்டியிருக்கிறது. அதில் கொஞ்சம் பொய்யும் கலக்கும். வாங்கி அடுக்கியதெல்லாம் படித்ததாகிவிடுமா என்ன :-)

இங்கே சொல்லப் போவது பழைய பட்டியல். 1992ம் வருடத்தது. போட்டவர் அப்போது மதுரையில் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தார். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலையில் பாதி முடி இல்லை. பெயரெல்லாம் எதற்கு, 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம். பாட்டுக்கு ஒரு காசெட், புத்தகத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டையும் அவர் தூக்கிப் போடவில்லை.

அந்தக் காலத்தில் வருடக் கடைசியில் பாட்டுப் பட்டியல் போடுவது என்றால் ரெக்கார்டிங் சென்டருக்குப் போவது என்று அர்த்தம். இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். ஒரு வெற்று காசெட் வாங்க வேண்டும். 'சிக்ஸ்டி' என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம், 'நைன்டி' என்றால் முக்கால் மணி நேரம். ஒரு வெள்ளைத் தாளில் 'ஏ' பக்கம், 'பி' பக்கம் என்று கோடு போட்டு, பாட்டும் படமும் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தால், சீசனைப் பொறுத்து இரண்டு நாளோ ஒரு வாரமோ கழித்துப் பதிந்து தருவார். நைன்டியில் பதினெட்டு, மிஞ்சிப் போனால் இருபது பாட்டு. அவ்வளவுதான் இடம். ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொன்றை அடித்தாக வேண்டும். அடித்து அடித்து எழுதிய அந்தத் தாளுக்கு முன்னால் இன்றைய 'டாப் டென்' எல்லாம் விளையாட்டு.

கடைக்காரருக்கும் ஒரு ரசனை உண்டு என்பதை மறக்கக்கூடாது. "இது வேணாம் தம்பி, இந்தப் படத்துல இதைவிட அது நல்லாருக்கும்" என்று அவரே மாற்றிப் பதிந்துவிடுவார். கடைசிப் பாட்டு பாதியில் டேப் தீர்ந்து அறுந்து நிற்கும். அப்படி அறுந்த இடத்திலேயே பாட்டை மனப்பாடம் செய்தவர்கள், பிறகு எங்காவது முழுப் பாட்டையும் கேட்டால் அந்த இடத்தில் ஒரு நொடி திடுக்கிடுவார்கள். ஒரு தலைமுறையே இப்படித் திடுக்கிட்டிருக்கிறது.

சரி, அந்த 92 காசெட்டுக்கு வருவோம்.

'ஏ' பக்கம் முழுக்க இளையராஜா. அதில் ஆச்சரியமில்லை, அன்றைக்கு அதுதான் இயற்கை. பொங்கலுக்கு மன்னன், சின்னக் கவுண்டர், அப்புறம் நாடோடித் தென்றல், சிங்காரவேலன், செம்பருத்தி என்று டஜன் கணக்கில் படங்கள். விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த செந்தமிழ்ப் பாட்டுகூட அந்த வருடம்தான். இதற்கு நடுவே தேவாவின் அண்ணாமலை. ரஜினி படம் தொடங்கும்போது எழுத்து எழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' என்று விழுமே, அந்த டைட்டில் இசை முதன்முதலில் வந்தது அதில்தான். அதைப் பாட்டு என்று கணக்கில் எடுக்கலாமா கூடாதா என்று பாலிடெக்னிக் கேன்டீனில் ஒரு மத்தியானம் முழுக்க விவாதம் நடந்ததாம். எடுக்கக்கூடாது என்று முடிவு. (தப்பான முடிவு!)

'பி' பக்கத்தில் மரகதமணியின் வானமே எல்லையிலிருந்து இரண்டு பாட்டு. கே. பாலசந்தர் படம். மரகதமணி என்று தமிழிலும் கீரவாணி என்று தெலுங்கிலும் பெயர் வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் 2023ல் 'ஆர்ஆர்ஆர்' பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கினார். அதே 'பி' பக்கத்தின் மிச்சம், ஆகஸ்ட் 15ம் தேதி வெளியான ரோஜா. அதன் இசையமைப்பாளர் 2009ல் இரண்டு ஆஸ்கர் வாங்கியது ஊருக்கே தெரியும். ஆக, ஒரு நைன்டி காசெட்டின் ஒரே பக்கத்தில் எதிர்கால ஆஸ்கர்காரர்கள் இரண்டு பேர். லிஸ்ட் எழுதியவருக்கும் தெரியாது, பதிந்து கொடுத்த கடைக்காரருக்கும் தெரியாது.

ரோஜா வந்தபோது என்ன ஆயிற்று என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இளையராஜாவிடமே கீபோர்டு வாசித்த பையன், விளம்பரங்களுக்கு இசை போட்டவர், வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் பொறுமையாக உட்கார்ந்து செய்த முதல் தமிழ்ப் படம். எழுதப்படாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைய ஏழை டேப் ரெக்கார்டரில் அந்தப் பாட்டு எப்படிக் கேட்டது என்பது. வீட்டிலிருந்த ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி, தலைப்பகுதியில் அழுக்கு, அதைத் துடைக்கக் கொஞ்சம் கொலோன். அதில்கூட ரோஜாவில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக நின்றது. தாளத்துக்கு அடியில் இன்னொரு கனமான சத்தம் ஓடியது. அது என்ன வாத்தியம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "சத்தம் நல்லாருக்குடா, பாட்டு எங்கடா இருக்கு?" என்று ராஜா கட்சி. "பாட்டும் நல்லாத்தான்டா இருக்கு, நீ ஒத்துக்க மாட்ட" என்று எதிர்க்கட்சி. அவர் இரண்டு கட்சியிலும் இருந்தார். பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்ததே அதற்கு அத்தாட்சி.

தீபாவளிக்குத் தேவர் மகன் வந்தது. சண்டை முற்றியது.

இந்தச் சண்டை மதுரை கேன்டீனில் மட்டும் நடக்கவில்லை. அந்த வருடப் படங்களுக்கான தேசிய விருதுத் தேர்விலும் அதே சண்டைதான். சிறந்த இசையமைப்பாளர் ரோஜாவா, தேவர் மகனா? ஓட்டுகள் சமமாக விழுந்தன என்றும், தலைவராக இருந்த தன் ஓட்டைப் புதிய பையனுக்குப் போட்டதாகவும் பாலு மகேந்திரா பின்னால் சொல்லியிருக்கிறார். 1980ல் மூடுபனியில் தொடங்கி இளையராஜா இல்லாமல் படம் எடுக்காதவர் என்று பெயர் வாங்கிய பாலு மகேந்திரா! ரோஜாவுக்கு இசை, பாடல் வரி, தேசிய ஒருமைப்பாட்டுப் படம் என்று மூன்று விருது. தேவர் மகனுக்கு ஐந்து, அதில் ஜானகியம்மாவுக்குப் பாடகி விருது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத மாதிரி பங்கு பிரிந்துவிட்டது என்று தோன்றும். ராஜா கட்சிக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் வேறு பதில் வரும்.

தேவர் மகனிலிருந்து 'ஏ' பக்கக் கடைசியில் மூன்று பாட்டு. அதில் ஒன்று, ஊர்ப் பெரியவர் குடும்பத்தின் பெருமை பாடும் கூட்டப் பாட்டு. அது எந்தப் பாட்டு என்று தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, குருபூஜை, எங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் அது உண்டு. உருமியும் கொட்டும் சேர்ந்து ஏறும் அந்த எடுப்பில் உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவான். இசையாக மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த வருடத்தின் பெரிய பாட்டுகளில் ஒன்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை இசையாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் தெருவில், எந்தத் தெருவைப் பார்த்து ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பது என்கிற கணக்கும் பாட்டோடு சேர்ந்தே ஓடியது. அவர் குடியிருந்த தெருவில் அது யாருக்கும் இடைஞ்சலாகத் தெரியவில்லை. தெரு எது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

இனி நோட்டு.

முதல் பக்கத்தில் '1992 - படித்தவை' என்று இரண்டு கோடு அடித்த தலைப்பு. பாக்கெட் நாவல்கள் எண்ணிக்கையில் மட்டும்: ராஜேஷ்குமார் இத்தனை, பட்டுக்கோட்டை பிரபாகர் இத்தனை, சுபா இத்தனை என்று. பெயர் எழுதி வைக்க முடியாத அளவுக்கு இருந்திருக்கும் போல. பெயரோடு இருப்பவை வேறு. பொன்னியின் செல்வன், ஐந்து பாகம், வாடகை நூல் நிலையம். கல்கியில் 1950ல் தொடராக ஆரம்பித்தது. தி. ஜானகிராமனின் மோகமுள், சங்கீதம் படிக்கிற பாபுவின் கதை, ஐம்பதுகளில் எழுதியது. சுஜாதா நாலைந்து, எல்லாம் எண்பதுகளில் வாரப் பத்திரிகையில் வந்து யாரோ பைண்டு செய்து வைத்தவை. நடுவில் ஒரு பெண்டாட்டி வைத்தியக் குறிப்பு, ஒரு டெய்லரிங் விளம்பரம் எல்லாம் சேர்ந்து தைத்திருக்கும். சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள். வந்தது 1981. எதிரே "புரியல, மறுபடி" என்று எழுதி அடிக்கோடு. நல்ல விமர்சனம்!

கவனித்தால் ஒன்று தெரியும். காசெட்டில் இருக்கும் எல்லாப் பாட்டும் 1992. நோட்டில் இருக்கும் ஒரு புத்தகம்கூட 1992 இல்லை.

இதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டுக்கு ஊர் முழுக்கக் குழாய் இருந்தது. டீக்கடை, பஸ், சலூன், பக்கத்து வீட்டு ரேடியோ. கேட்க வேண்டாம் என்று காதைப் பொத்தினாலும் சின்னச் சின்ன ஆசை வந்து விழும். புத்தகத்துக்கு அப்படி எந்தக் குழாயும் கிடையாது. ஆயிரம் பிரதி அச்சடித்து, அது விற்க நாலு வருடம் ஆகி, நூலகத்துக்குப் போய், அங்கிருந்து யாரோ எடுத்து, அவர் இன்னொருவருக்குச் சொல்லி... பத்து வருடத்தில் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம். அந்தந்த வருடமே கேட்டுவிடுவதால் வருடக் கடைசிப் பாட்டுப் பட்டியல் ஓரளவு உண்மை. வருடக் கடைசிப் புத்தகப் பட்டியல் அந்த வருடத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. படித்தவரின் கைக்கு எது எட்டியது என்பதைத்தான் சொல்கிறது.

விருதுகூட உதவவில்லை. 1992க்கான சாகித்ய அகாதமி பரிசு கோவி. மணிசேகரனின் குற்றாலக் குறிஞ்சிக்கு. 1993க்கு எம்.வி. வெங்கட்ராமின் காதுகள். பேப்பரில் பெயர் வந்தது, நோட்டில் வரவில்லை. காதுகள் அவர் கைக்குக் கிடைத்தது அதற்கும் பன்னிரண்டு, பதிமூன்று வருடம் கழித்து. கும்பகோணத்துக்காரர், மணிக்கொடி காலத்திலேயே எழுத வந்தவர், ஜரிகை வியாபாரம் பார்த்தவர். அவருடைய கடைசிக் கால நாவல். மகாலிங்கம் என்றொரு மனிதன், அவன் காதுக்குள் ஓயாமல் குரல்கள். கெட்ட வார்த்தை, கேலி, சண்டை, கட்டளை. வெளியே யாருக்கும் கேட்காது. அவன் முருகனைப் பிடித்துக்கொண்டு அதைத் தாங்குகிறான். வியாபாரம் நொடிக்கிறது, குடும்பம் வறுமையில் விழுகிறது, சத்தம் மட்டும் நிற்பதில்லை. தன் சொந்த அனுபவத்திலிருந்தே எழுதியது என்று ஆசிரியரே சொன்ன கதை. காது என்றால் பாட்டு கேட்கிற உறுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை உலுக்கிவிடும். இன்றைக்கும் இதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அது பெரிய அநியாயம். கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் 1992ன் புத்தகம் என்றால் அது காதுகளும் இல்லை.

அந்த வருடம் ஒரு பெண் கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தார். ஏழு வருடம் உள்ளே இருந்தவர். வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டி. வேலை இல்லை, கையில் காசு இல்லை. ஊர் நினைவையும் மடத்தில் பட்டதையும் எழுதிப் பார்த்தார். பேசுகிற தமிழிலேயே, திருத்தாமல். பாமா என்று பெயர் போட்டுக் கருக்கு என்று அது புத்தகமானது. பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகளின் கையைக் கிழிப்பது. அதை வெளியிட்டது மதுரையில் இருந்த ஒரு ஆய்வு மையம். ஆம், மதுரையேதான். அவர் லிஸ்ட் எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் சென்டரில் நின்ற அதே ஊர், அதே வருடம்.

புத்தகம் வந்ததும் சொந்த ஊரிலேயே கோபம். ஊர் மானத்தை வாங்கிவிட்டாள் என்று. சில மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததைப் பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இலக்கியக்காரர்களுக்கு வேறு சங்கடம். இது நாவலா, சுயசரிதையா, இந்தத் தமிழை இலக்கியம் என்று சொல்லலாமா. (கேன்டீனில் டைட்டில் மியூசிக்கைப் பாட்டு என்று சொல்லலாமா என்று விவாதித்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.) பிறகு லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2000ல் வந்தது. பரிசு வாங்கியது, பல்கலைக்கழகங்களில் பாடமானது. இன்று தமிழில் தலித் தன்வரலாறு என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் கருக்குதான்.

அவருக்கு அது வந்து சேர்ந்தது 2023ல். வந்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம். செமஸ்டர் பாடத்தில் கருக்கு, ஆங்கிலத்தில். அவள் டைனிங் டேபிளில் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை இவர் புரட்டியிருக்கிறார். ஆங்கில எழுத்துக்கு நடுவே புதுப்பட்டி மாதிரி ஊர், மேற்கு மலை, கம்மாய், நாயக்கமார் வீடு. பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம், லண்டன் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. மறுநாளே தமிழ்ப் பிரதி வாங்கிவிட்டார்.

அதே வருடம் ஜூன் மாதம் மாமன்னன் பட விழாவில் மாரி செல்வராஜ் பேசினார். எதிரே கமல்ஹாசன் உட்கார்ந்திருந்தார். தேவர் மகன் தன்னை எப்படி அலைக்கழித்தது என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்தில் வந்த இசக்கிதான் தன் மாமன்னன் என்றார். 1992 படத்தில் இசக்கியாக வந்தவர் வடிவேலு. பெரிய வீட்டுக்கு வேலை செய்யப் போய்க் கை வெட்டுப்படும் ஆள். அவன் கதை என்ன ஆயிற்று என்று அந்தப் படத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை. 31 வருடம் கழித்து அதே வடிவேலு மாமன்னனாக வருகிறார், சட்டமன்ற உறுப்பினராக. இசை ஏ.ஆர். ரஹ்மான். ராஜாவா ரஹ்மானா என்று கேன்டீனில் அடித்துக்கொண்டவர்களுக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று யார் நினைத்தார்கள்? தேவர் மகனுக்கான மறுமொழிக்கு ரோஜாக்காரர் இசையமைத்திருக்கிறார், அதில் இசக்கியே பாடவும் செய்கிறார். வடிவேலு குரலில் யுகபாரதி எழுதிய அந்தப் பாட்டு, வருடக் கடைசியில் அவருடைய போன் போட்ட பட்டியலில் முதல் ஐந்துக்குள் வந்தது.

"அப்ப அந்தக் காசெட்ல இருக்கிற பாட்டு?" என்று மகள் கேட்டாள்.

"அதுவும்தான் இருக்கு."

"இப்பவும் கேக்குறீங்களா?"

"வந்தா கேப்பேன்."

"ஸ்கிப் பண்ண மாட்டீங்களா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் தெரியாமலில்லை. முப்பது வருடம் கேட்ட பாட்டு காதில் ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் அதைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப முடியாது. எடுப்பு வந்தால் விரல் தட்டத்தான் செய்யும். ஆனால் கருக்கு படித்த பிறகு அந்தக் குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதும் சேர்ந்தே நினைவு வருகிறது. இரண்டும் ஒரே காதுக்குள்தான். இதற்கு ஒரு தீர்ப்பு எழுதிவிட வேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். நியாயமான எதிர்பார்ப்புதான். அவரால் முடியவில்லை.

முடிந்தது வேறு. மகளுக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது, அதிலும் பாமாவின் பேச்சுத் தமிழ் எழுத்தாகப் பார்த்தால் அவளுக்குத் திக்குகிறது. இவர் சத்தமாகப் படிப்பார், அவள் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வருவாள். கருக்கு கண்ணால் படிக்க வேண்டிய புத்தகமே இல்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. வாய்விட்டுப் படித்தால் வாக்கியம் தானாக ஏறி இறங்குகிறது, யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. 1992லேயே யாராவது இதைக் காசெட்டில் பதிந்து விட்டிருந்தால் நிலைமையே வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

பலகாரப் பொட்டலம் வரும் இடம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. தெருப் பெரியவர் ஒருவர் கடையிலிருந்து வடைப் பொட்டலத்தைச் சரடு பிடித்துத் தொங்கவிட்டபடி, கை படாமல், கொண்டு போகிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பெண்ணுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு. பொட்டலம் அவிழ்ந்து விழுந்துவிடாதா என்று. களத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளியிடம் குனிந்து கொடுக்கிறார், அவர் பிரித்துச் சாப்பிடுகிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரித்தால், அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் தொடாமல் கொண்டு போனார் என்று அவன் சொல்கிறான்.

"களம்னா என்னப்பா?"

"நெல்லு அடிக்கிற எடம்மா."

"ம்ம்... இதுல போட்டிருக்கு. நீங்க படிங்க."

அந்த அத்தியாயம் முடிய அன்றைக்கு இரவு பதினொன்று ஆனது. அண்ணன் பேசும் இடத்தை மட்டும் அவர் இரண்டு தடவை படித்தார், முதல் தடவை குரல் சரியாக வரவில்லை என்று. மகள் பரீட்சைக்கு வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள். அவருடைய பிரதியில் கோடு எதுவும் இல்லை.

பரீட்சை முடிந்து வெகு நாளாகிவிட்டது, வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. இப்போது பாமாவின் சங்கதி நடந்துகொண்டிருக்கிறது. பாட்டி, அத்தை, பேத்தி என்று பெண்களாகப் பேசிக்கொண்டே போகிற புத்தகம். அது 1994ல் வந்தது. 94க்கும் ஒரு காசெட் இருக்கிறது. அதில் காதலன், டூயட், மே மாதம், அப்புறம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் குழந்தைகளின் கதை சொன்ன கருத்தம்மா. ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு 'பி' பக்கம் மூன்றாவது. டேப் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பூஞ்சை பிடித்திருக்கலாம். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.